ஜாமீனுக்கு ஓர் அக்கா

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்று உன் ஜாமீன் மனு கோர்ட்டுக்கு வருகிறது என்று விடிந்ததும் குளித்து, இருப்பதிலேயே நல்ல துணியாக உடுத்திக்கொண்டு, முதல் ஆளாகப் போய் முன்பெஞ்சில் உட்கார்ந்தேன். கூண்டில் ஒரு பெண் அழுதாள். நானும் அழுதேன். ஒரு ஆள் எழுந்து, "இவளோட இனி ஒரு நாள்கூட வாழ முடியாது" என்று கத்தினான். "அடப்பாவி" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். நீதிபதி அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "நீங்க யாரும்மா, பொண்ணு வீட்டுக்காரங்களா?" என்றார். "இல்லைங்க, பையனோட அக்கா" என்றேன். அந்த ஆள் திரும்பிப் பார்த்து, "எனக்கு அக்காவே கிடையாதுங்க" என்றான்.

அது விவாகரத்து கோர்ட்டு. உன்னுடையது மாடியில். நான் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிப் போவதற்குள் உன் மனுவை எடுத்து, போலீஸ் பதில் கொண்டுவரவில்லை என்று அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு, அடுத்த கேசுக்குப் போய்விட்டார்கள். நீ லிஃப்ட் மெக்கானிக், உன் அக்காவுக்கு ஒரு மாடி ஏறத் தெரியவில்லை.

நம் கடையில் கறுப்பு அங்கி துவைக்கப் போடுவாளே, அந்தப் பெண்தான் நமக்கு வக்கீல். மனுவில் எழுதியிருப்பதை எனக்குப் படித்துக் காட்டினாள். "மனுதாரர் லிஃப்ட் மெக்கானிக். ஹோட்டல் ஒன்றில் சூப்பர்வைசர் வேலைக்கான நேர்காணலுக்குப் போன இடத்தில், அங்கே சாப்பிட வந்திருந்த பல் டாக்டர், மனுதாரர் போட்டிருப்பது தன் கோட்டு என்று கூச்சலிட்டார். கோட்டின் உள்பையில் டாக்டர் காணவில்லை என்று புகார் கொடுத்திருந்த தங்க வாட்சு இருந்தது. அதே வாரம் டாக்டர் வீட்டு லிஃப்டை மனுதாரர்தான் பழுது பார்த்தார்." இவ்வளவும் உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் யாரோ ஒரு அயோக்கியனைப் பற்றி வாசிப்பது போலத்தான் இருந்தது.

ஜாமீன் கொடுத்தால் நீ நல்லவன் என்று அர்த்தம் இல்லையாம். கேசு முடிகிறவரை கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நிற்பாய் என்று வெளியே இருக்கிற இரண்டு பேர் உனக்காக எழுதிக் கொடுப்பது, அவ்வளவுதான். நீ ஓடிப்போனால் அவர்கள் தலையில் விடியும். "சொந்த வீடோ வண்டியோ இருக்கணும், வேற யாருக்கும் ஜாமீன் நின்னிருக்கக் கூடாது, குடிப்பழக்கம் இருக்கக் கூடாது" என்று அடுக்கினாள். "இவ்வளவு நல்லவன் எனக்குத் தெரிஞ்சிருந்தா உனக்கு மாப்பிள்ளை பேசி முடிச்சிருப்பேனேடி" என்றேன். சிரிக்கவில்லை. சின்ன வயசிலேயே வக்கீல் ஆனால் இப்படித்தான்.

ஒரு ஜாமீன் நான். வீடு என் பேரில் இருக்கிறது. இன்னொன்று எதிர்க்கடை சைக்கிள்காரர். மீசைக்கு மை அடிப்பதைப் பற்றி இனி வாயைத் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துச் சம்மதம் வாங்கினேன். பெரிய தியாகம்.

ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வந்தேன். அக்காவைப் பார்க்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாயாம். சரி. வெயில் கொஞ்சம் அதிகம், வேறொன்றும் இல்லை. இதை வக்கீலம்மா கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் அங்கே ஒருவர் பிரித்துப் படிப்பாராம். என் கையெழுத்தைப் படித்து அவர் கண் போன பாவம் எனக்கு எதற்கு?

அந்தக் கோட்டு விஷயம்… அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

அக்கா

ஜூன் 6

அக்கா,

கடிதம் வந்தது. விவாகரத்து கோர்ட்டைப் படித்துச் சிரித்தேன். கோபமாக இருக்கிறவனைச் சிரிக்கவைத்துத் தப்பிப்பது உன் பழைய வித்தை. சிரித்தேன் என்பதற்காகக் கோபம் போகவில்லை.

நீ எனக்கு ஜாமீன் நிற்க வேண்டாம். வேறு யாரையாவது பார். கிடைக்காவிட்டால் இங்கேயே இருக்கிறேன்.

அன்றைக்கு உன் கடை வாசலில் ஜீப்பை நிறுத்தினார்களே, பின்பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி இறக்கித்தான் இருந்தது. இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

இங்கே சாப்பாடு பரவாயில்லை. படுக்க இடம் இருக்கிறது. பக்கத்தில் படுப்பவர் ஜாமீனில் போய்ப் போய்த் திரும்பி வருகிறவர். கோர்ட்டு ஜாமீன் கொடுத்தாலும் அது பாதிதானாம். ஜாமீன்காரர்கள் போய்க் கையெழுத்துப் போட்டு, மாஜிஸ்திரேட் அவர்களை ஒத்துக்கொண்டு, விடுவிக்கச் சொல்லும் உத்தரவு சாயங்காலம் கதவு அடைப்பதற்குள் இங்கே வந்து சேர வேண்டும். வந்தால் பெயரைக் கூப்பிடுவார்கள். தினமும் அந்த நேரம் நெருங்கும்போது யாரும் சொல்லாமலே எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவுக்கு மேலே இருக்கிற எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பார்களே, அந்த மாதிரி.

என் மனைவியிடம் இதைச் சொல்லாதே. அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள், இருக்கட்டும். உன் வாயால் ஒரு தடவை போனவள். என் கேசால் இரண்டாம் தடவை போக வேண்டாம்.

தம்பி

ஜூன் 8

தம்பி,

கண்ணாடி இறக்கியிருந்தது எனக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேனா என்று இரண்டு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் எனக்கே பிடிக்கவில்லை.

உனக்கு அந்தக் கோட்டை நான்தான் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்று நின்றாய். "இந்தச் சட்டையோட போனா லிஃப்ட் ரிப்பேரானு கேட்டு பின்வாசலைக் காட்டுவாங்கடா, சூப்பர்வைசர்னு யாரும் நம்ப மாட்டாங்க" என்று கிண்டல் பண்ணி, கொக்கியில் தொங்கியதை எடுத்து மாட்டிவிட்டேன். உன் தோளுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. மாப்பிள்ளை மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். சாயங்காலம் வந்ததும் துவைத்து, தேய்த்து, டாக்டரிடம் கொடுத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

இதுதான் முதல் தடவை என்று சொன்னால் நீயே நம்ப மாட்டாய். உன் கல்யாணத்துக்கு நான் உடுத்தியது யாருடையது என்று உனக்குத் தெரியும்.

துணி கைக்கு வந்ததும் பையைத் தட்டிப் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் முதல் பாடம் அதுதான். நான் வேலைக்கு வைத்த பெண்கள் எல்லாரையும் அதற்காகத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு உன் அவசரத்தில் காலரை மட்டும் பிரஷ் பண்ணிவிட்டு அனுப்பினேன். வாட்சு உள்பையிலேயே இருந்திருக்கிறது. டாக்டர் அதை மறந்துவிட்டு வீட்டில் அலமாரியைக் குடைந்திருக்கிறார்.

அப்புறம் ஜீப் வந்தது. கடையில் ஆஸ்பத்திரி மேட்ரன் நின்றுகொண்டிருந்தார். அவர்கள் விரிப்புகள்தான் நம் கடைக்கு முக்கால்வாசி வேலை. இன்ஸ்பெக்டர், "இந்தக் கோட்டு உங்க கடைக்கு வந்ததா?" என்றார். "வந்ததுங்க." "உங்க தம்பி கைக்கு எப்படிப் போச்சு?" மேட்ரன் என்னைப் பார்த்தார். நான் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தேன்.

"தெரியலைங்க" என்றேன்.

மூன்று பிள்ளை பெற்றவள் மாதிரி ஊருக்கெல்லாம் நியாயம் சொல்லுவேன். ஒரே ஒரு தம்பியைத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நீ கோட்டை நீயே எடுத்ததாக ஸ்டேஷனில் சொன்னாயாம். ஏன்டா அப்படிச் சொன்னாய்? என்மேல் கோபம் என்றால் என்னைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டியதுதானே? கோபத்தை ஒழுங்காகக்கூடக் காட்டத் தெரியாதா உனக்கு?

இதற்கு மட்டும் பதில் எழுது. திட்டி எழுதினாலும் சரி.

அக்கா

ஜூன் 10

அக்கா,

பதில் கேட்டாய். எழுதுகிறேன்.

ஜீப்பில் உட்கார்ந்து நீ சொன்னதைக் கேட்டபோது முதலில் உன்னைக் காட்டிக்கொடுக்கத்தான் நினைத்தேன். ஸ்டேஷன் போகிற வழியெல்லாம் அந்த வாக்கியத்தை மனதுக்குள் தயார் பண்ணினேன். "அக்காதான் கொடுத்தாங்க, கேட்டுப் பாருங்க." எஸ்.ஐ. பேனாவைத் திறந்து, "சொல்லு, யார் கொடுத்தா?" என்றார். என் வாயில் வேறொன்று வந்தது. "நானே எடுத்தேன்." சொன்ன பிறகு ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. நீ மாட்டிவிட்டபோது கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அதுவும் காரணமாக இருக்கலாம். வேண்டாம் என்று சொன்ன வாயோடு கையை நீட்டியவன் நான்தானே.

கோட்டை எடுத்தவன் என்று ஒத்துக்கொண்டால் வாட்சையும் எடுத்தவன் ஆக்கிவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த அளவுக்குத்தான் என் மூளை.

இப்போது கவனமாகக் கேள். யோசித்துப் பார்த்தேன், நீயே ஜாமீன் நில். வேறு யாரும் கிடைக்க மாட்டார்கள். ஆனால் நான் வெளியே வருகிறவரை கோட்டைப் பற்றி வாயைத் திறக்காதே. பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்கிறார், கேசில் சம்பந்தப்பட்டவர்களை ஜாமீனுக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். முதலில் என்னை வெளியே எடு. உண்மை எங்கேயும் ஓடிப்போகாது. அதற்கு ஜாமீன் தேவையில்லை.

வாயை மூடிக்கொண்டிருப்பது உனக்குக் கஷ்டம் என்று தெரியும். ஒரே ஒரு நாள்.

தம்பி

ஜூன் 13

தம்பி,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

உனக்கு ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். அது நல்ல செய்தி. நல்ல செய்தி அதோடு முடிகிறது.

நேற்று நானும் சைக்கிள்காரரும் போய் நின்றோம். அதற்கு முன்பே ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், "நீங்கதான் வீட்டுக்காரங்களா?" என்று என்னையே கேட்டார். "இல்லைங்க, கரப்பான் பூச்சிதான் வீட்டுக்காரர், நான் குடியிருக்கேன்" என்றேன். எழுதிக்கொண்டார்.

கோர்ட்டில் முதலில் சைக்கிள்காரர். "ஆளைத் தெரியுமா, கூப்பிட்ட நேரத்துக்கு வரவைப்பீங்களா, வரலைன்னா பொறுப்பு உங்களுடையதுன்னு தெரியுமா?" எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்றார். கையெழுத்துப் போட்டார். முடிந்தது. மீசை சும்மா பளபளவென்று இருந்தது. பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

அடுத்தது நான். ஏறி நின்றேன். சத்தியம் வாங்கினார்கள். மாஜிஸ்திரேட் சின்னப் பையன்தான், உன்னைவிட இளையவன். மரியாதையாகக் கேட்டார்.

"இவரை எவ்வளவு காலமாத் தெரியும்?"

"பிறந்ததுல இருந்துங்க. இவன் பிறந்ததுல இருந்து. நான் பிறந்தப்போ இவன் இல்லை."

பின்னால் யாரோ சிரித்தார்கள். வக்கீலம்மா என்னைப் பார்த்து முறைத்தாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"இந்த வழக்குக்கும் உங்களுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?"

நீ சொல்லிக்கொடுத்தது நினைவில் இருந்தது. "இல்லைங்க." ஒரே வார்த்தை. வரும் வழியெல்லாம் பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். ஆனால் அவர் கேட்டதும் எனக்குக் கடை வாசல்தான் தெரிந்தது. அதே மாதிரி ஒருவர் கேட்கிறார், அதே மாதிரி நான் நிற்கிறேன், நீ எங்கேயோ ஒரு கதவுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருக்கிறாய். இன்னொரு தடவை என் வாயால் "தெரியலை" வரப்போகிறது. வரவில்லைடா. எவ்வளவு இழுத்தும் வரவில்லை.

"சம்பந்தம் உண்டுங்க. கோட்டை இவன் எடுக்கலை. நான்தான் கொடுத்தேன். பையைத் தட்டிப் பார்க்காம கொடுத்தேன். போலீஸ் கேட்டப்போ தெரியாதுன்னு பொய் சொன்னேன்."

வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். மாஜிஸ்திரேட் பேனாவை மூடினார். "அம்மா, நீங்க இந்த வழக்குல சாட்சி. சாட்சி ஜாமீன் நிக்க முடியாது. போய் போலீஸ்ல இதைச் சொல்லுங்க. வேற ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்ஸ்பெக்டர், "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். "மேட்ரன் இருந்தாங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

உனக்காக ஒன்றே ஒன்று செய்யச் சொன்னாய். அதையும் கெடுத்துவிட்டேன்.

அக்கா

ஜூன் 14

அக்கா!

உனக்கு உண்மை பேச வேறு நாளே கிடைக்கவில்லையா? ஒரு மாதம் முன்னால் பேசியிருக்கலாம். ஒரு நாள் பின்னால் பேசியிருக்கலாம். நடுவில் ஒரே ஒரு மணி நேரம் பொய் தேவைப்பட்டது. சரியாக அந்த மணி நேரத்தில் உனக்கு நேர்மை வந்துவிட்டது.

அன்றைக்கு இங்கே என்ன நடந்தது தெரியுமா? ஜாமீன் கிடைத்தது என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். என் சோப்பை ஒருவருக்கும் துண்டை ஒருவருக்கும் கொடுத்துவிட்டேன். விரிப்பை மடித்துவைத்தேன். போர்வையைக்கூடப் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் கொடுத்து, "வெளிய போறவனுக்கு எதுக்கண்ணே" என்றேன். சாயங்காலம் கதவுப் பக்கமாகப் போய் நின்றேன். நான்கு பேரைக் கூப்பிட்டார்கள். ஐந்தாவது நான் என்று நினைத்தேன். கதவை அடைத்துவிட்டார்கள். திரும்பி வந்து நின்றால் என் இடத்தில் வேறொருவர் படுத்திருக்கிறார். என் போர்வையை ஒருவரிடம் போய்க் கேட்டு வாங்குவது என்ன அவமானம் தெரியுமா? அவர் கொடுத்தார். சோப்பு வரவில்லை. பாதி கரைந்துவிட்டதாம்.

திட்டி எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

இனி ஒன்று. வக்கீலம்மா வந்து நீ சொன்னதை வரி விடாமல் சொன்னாள். கோர்ட்டில் எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னாயாமே, சத்தமாக. அதைக் கேட்ட பிறகு படுத்தேன். இங்கே வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் தூங்கினேன். அதற்காக நீ செய்தது சரி என்று நான் சொல்லவில்லை.

இப்போது இன்னொரு ஜாமீனுக்கு எங்கே போவாய்? அவளிடம் போகாதே. சொல்லிவிட்டேன்.

தம்பி

ஜூன் 18

தம்பி,

அவளிடம் போய்விட்டேன்.

கத்தாதே, முழுசாகப் படி. சைக்கிள்காரரின் மைத்துனர் வரை கேட்டுப் பார்த்தாகிவிட்டது. ஒருவருக்கு வாடகை வீடு, ஒருவருக்கு மனைவி சம்மதம் இல்லை, ஒருவர் என்னைப் பார்த்ததும் கடைக்குள் போய் விளக்கை அணைத்துவிட்டார், பட்டப்பகலில். சொந்த வண்டி, சுத்தமான ஆள், ஒரே விலாசம் என்றால் எனக்குத் தெரிந்து உன் பெண்டாட்டி ஒருத்திதான். பள்ளிக்கூட வேன் அவள் பேரில்தானே ஓடுகிறது.

பஸ் ஏறிப் போனேன். வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குழாயை மூடவில்லை. தண்ணீர் என் செருப்பு வரை வந்தது.

"வாங்க அண்ணி. ஹாரன் அடிச்சு வரவேற்கணுமா?"

அவளுக்கு ‘ஹாரன்’ என்று பேர் வைத்தவள் நான்தான், அதனால் வாங்கிக்கொண்டேன். "உன் ஹாரன் சத்தம் கேக்காம தெருவே தூங்கி வழியுதும்மா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. அங்கேயே, அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டு, வாட்சு, மேட்ரன், நான் சொன்ன "தெரியலை", உன்னுடைய "நானே எடுத்தேன்". எதையும் விடவில்லை. நீ சொல்ல வேண்டாம் என்று சொன்னதையும் சொன்னேன்.

அவள் துணியைப் பிழிந்து வண்டிமேல் போட்டாள்.

"அப்போ நீங்க பொய் சொல்லி உள்ளே போட்டு, உண்மை சொல்லி உள்ளேயே வெச்சிருக்கீங்க."

"ஆமாம்மா."

"பரவாயில்லை. ரெண்டுலயும் முழுசா செஞ்சிருக்கீங்க."

அப்புறம் உள்ளே போனாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வண்டிப் பேப்பரோடு வந்தாள். "உங்களுக்காக இல்லை. என்கிட்ட சொல்ல வேண்டாம்னு அந்த ஆள் சொன்னாரே, அதுக்கு நேர்ல பார்த்துக் கேக்கணும். அதுக்கு அவர் வெளிய இருக்கணும்" என்றாள். தம்பி, உனக்கு ஜாமீன் கிடைக்கப்போகிறது. அதற்குப் பிறகு உன் நிலைமைக்கு நான் பொறுப்பில்லை.

வரும்போது, "அண்ணி, அன்னிக்கு உங்க கடையில எல்லார் முன்னாடியும் என்னை ஹாரன்னு சொன்னீங்களே" என்றாள். "ஞாபகம் இருக்கும்மா" என்றேன். "இருக்கணும்" என்றாள். அவ்வளவுதான் பேசினோம். பஸ் நிறுத்தம் வரை வேனில் கொண்டுவந்து விட்டாள். வழியெல்லாம் ஹாரன்.

வக்கீலம்மா சொன்ன இன்னும் ஒரு செய்தி. டாக்டர் ஸ்டேஷனுக்கு வந்து, வாட்சைப் பையில் வைத்தது தானாகவே இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கடைக்கும் வந்தார். காலில் விழாத குறையாகப் பேசினேன். "வாட்சு என் தப்புன்னே வெச்சுக்கோங்க. ஆனா என் கோட்டை இன்னொருத்தர் உடம்புல பார்த்தேனே, அது யார் தப்பு?" என்றார். இருந்த துணியையெல்லாம் எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டார். மேட்ரனும் விரிப்புகளை வேறு கடைக்கு மாற்றிவிட்டார். பாக்கி இருக்கிறவர்கள் இப்போது துணியை வாங்கினதும் மோந்து பார்க்கிறார்கள். மோந்து பார்க்கட்டும்.

நாளைக்கு அவள் கையெழுத்துப் போடுகிறாள். ஆனால் நான் சாட்சி ஆகிவிட்டேன் இல்லையா, அதனால் நிபந்தனையை மாற்றிவிட்டார்கள். நீ நம் தெருப்பக்கமே வரக் கூடாது, என்னைச் சந்திக்கக் கூடாது. அவள் ஊரில் தங்கி, தினமும் காலையில் அங்கே இருக்கிற ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். கேசு எப்போது முடியும் என்று கேட்டேன். வக்கீலம்மா முதல் தடவையாகச் சிரித்தாள்.

உன்னை வெளியே கொண்டுவரச் சொன்னால், என்னைவிட்டு வெளியே கொண்டுவந்திருக்கிறேன்.

அக்கா

ஜூன் 19, காலை

அக்கா,

அவசரத்தில் எழுதுகிறேன், வக்கீலம்மா வாசலில் நிற்கிறாள்.

சோப்பையும் போர்வையையும் இந்தத் தடவை யாருக்கும் கொடுக்கவில்லை.

நீ அவளிடம் போனதற்குக் கோபப்பட நேரம் இல்லை. அதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். கோட்டை நீ கொடுத்தாய், நான் வாங்கினேன். இதில் உன் பங்கு என் பங்கு என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு இனி ஆகாது. நீயும் பார்க்காதே.

சந்திக்கக் கூடாது என்று இருக்கிறது. பார்க்கக் கூடாது என்று இல்லை என்கிறாள் வக்கீலம்மா. ஜெயில் வாசலுக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நில். கிட்டே வராதே. கூப்பிடாதே. கையைக் காலை ஆட்டாதே. உன்னால் முடியுமா?

ஒரு தடவை உன்னைப் பார்த்துவிட்டுப் போகிறேன்.

தம்பி

ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தில் கேசைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதக் கூடாது என்று வக்கீலம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள். இனிமேல் எழுதவே கூடாதாம். அதனால் இதுதான் கடைசி. கோபித்துக்கொள்ளாதே, கையெழுத்துப் போடப் போகாமல் இருந்துவிடாதே. போகும்போது நல்ல சட்டையாகப் போட்டுக்கொள். உன் சொந்தச் சட்டை.

நீ சொன்ன மாதிரியே செய்தேன். உத்தரவு கதவு அடைப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது என்று வக்கீலம்மா சொன்னதும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றேன். கூப்பிடவில்லை. கையைக் காலை ஆட்டவில்லை. இரண்டு கையையும் துணிப்பைக்குள் விட்டுக்கொண்டேன், என்னையே எனக்கு நம்பிக்கை இல்லை. சின்னக் கதவு திறந்தது. முதலில் ஒரு போலீஸ்காரர் வந்தார். அப்புறம் போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நீ. இளைத்திருக்கிறாய். முடி வெட்டியவனுக்கு உன்மேல் ஏதோ பகை. வேன் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். அவளிடம் ஏதோ சொல்லிவிட்டு நீ ரோட்டுப் பக்கம் திரும்பினாய். திரும்புகிற வரைக்கும் பார்த்தேன்.

நீ என்னைத் தேடினாயாம். கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்த்தாயாம், காணோம் என்றதும் தலையைக் குனிந்துகொண்டு வண்டியில் ஏறினாயாம். உன் பெண்டாட்டி போன் பண்ணிச் சொன்னாள், "வரேன்னு சொல்லிட்டு எங்கே போனீங்க?" என்று. வந்தேன்டா. அக்கா வந்தேன். நான் நின்ற இடம் பஸ் நிறுத்தம். நீ திரும்பின நேரத்துக்கு ஒரு பஸ் வந்து நடுவில் நின்றது. பின்னால் நின்ற பெரிய அம்மா, "ஏறும்மா, ஏறும்மா" என்று தள்ளினார். கை இரண்டும் பைக்குள் இருந்ததால் பிடிக்க முடியவில்லை. உள்ளே போய்விட்டேன். கதவு மூடிக்கொண்டது. நீ இருந்த பக்கத்து ஜன்னலில் எல்லாம் ஆள் இருந்தது. கண்டக்டர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார். கடைசி நிறுத்தத்துக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.

அக்கா